சடையாண்டிக்குத் துப்புக்கூலி

இந்தக் கதையில் யோக்கியன் என்று ஒருவனும் கிடையாது, அதனால் யார் பக்கம் சேரலாம் என்று தேடிக்கொண்டு யாரும் உட்கார வேண்டாம். கொள்ளைக்காரன் சடையாண்டியைச் சுட்டுக் கொன்று, சந்தைத் திடலில் ஒரு கயிற்றுக்கட்டிலை நிமிர்த்தி வைத்து அதில் அவனைக் கட்டி, பார்க்க வந்த சனமெல்லாம் பார்த்து முடித்த பிறகு, போலீஸ்காரர்கள் அவனைக் கட்டிலோடு தூக்கி வந்து கள்ளிவலசையில் அவனைப் பெற்ற வெயிலம்மாளின் வாசலில் இறக்கிவிட்டுப் போனபோது, அந்த உடம்பில் பாதி மீசை இல்லை, இடது காது இல்லை, வலது கையில் சுட்டுவிரல் இல்லை, முன்பல் ஒன்று இல்லை, காலில் செருப்பில்லை, இடுப்பில் அரைஞாண்கயிறுகூட இல்லை. பிய்த்துக்கொண்டு போனவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை. அத்தனை பேரும் கள்ளிவலசைக்காரர்கள்.

சடையாண்டி என்ன பெரிய தர்மவானா என்றால் அதுவும் இல்லை. இருக்கிறவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தான் என்று பிற்பாடு கும்மிப்பாட்டில் வைத்துப் பாடினார்களே, அது பச்சைப்பொய். இல்லாதவனிடம் பறிக்க ஒன்றும் இருக்கவில்லை, அதனால் விட்டான், அவ்வளவுதான். தபால் வண்டியை மறித்தான், ஜமீன் கஜானாவை உடைத்தான், கல்யாணம் முடிந்து வில்வண்டியில் போன பெண்ணின் கழுத்தில் காலையில் ஏறிய தாலியை அவள் புருஷன் கையாலேயே கழற்ற வைத்துப் பக்கத்தில் நின்று சிரித்தான், காலில் விழுந்த காவல்காரன் ஒருவனை விழுந்த இடத்திலேயே சுட்டான். கருவேலங்காட்டுக்குள் ராஜா மாதிரி இருந்தான் என்பார்கள். காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக ஈரமண்ணில் சுருண்டு கிடந்த ராஜா. வேட்டைக்கு வந்த போலீசுக்கு அவன் வெகுகாலம் அகப்படாமல் இருந்ததற்குக் காரணம் அவன் சாமர்த்தியம் இல்லை, கள்ளிவலசை மொத்தமும் வாயைத் தைத்துக்கொண்டு இருந்ததுதான். அதில் பயம் பாதி, அவன் வீசிப்போட்ட பங்கு பாதி.

அரசாங்கம் யோசித்துப் பார்த்தது. ஊருக்குள்ளேயே ஒரு போலீஸ் படையைக் குடிவைத்து, அந்தப் படையின் சோறு, சம்பளம், குதிரைக்குக் கொள்ளு எல்லாவற்றையும் ஊரே வரியாகக் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டதும், தைத்திருந்த வாய் தானாகப் பிரிந்துகொண்டது. ஊர்த்தலைவரான அம்பலம், சடையாண்டியின் கூட்டாளி மொக்கையனைக் கூப்பிட்டுப் பேசினார். மொக்கையன் சடையாண்டியைத் தன் வீட்டு விருந்துக்கு அழைத்தான். இலைக்கு முன்னால் உட்காரும்போது ஆயுதத்தைத் தள்ளி வைத்துவிட வேண்டும் என்பது அந்தச் சீமையில் வழக்கம். சோறு போடுகிற வீட்டை நம்பவில்லை என்று காட்டுவது பெரிய அவமரியாதை. சடையாண்டி துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்து, கறி சரியாக வேகவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் வாய் எடுக்கும்போது, மொக்கையன் அதே துப்பாக்கியை எடுத்து அவன் முதுகில் சுட்டான்.

பிணத்தைத் தூக்க நாலு பேர் வர வேண்டும், ஒருவனும் வரவில்லை. மாரடித்து அழ நாலு பெண்கள் வர வேண்டும், ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. வெயிலம்மாள் கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு கண்மாய்க்கரைச் சுடுகாட்டுக்குப் போனாள், தானே விறகடுக்கினாள், ஆண்பிள்ளை வைக்க வேண்டிய கொள்ளியைத் தானே வைத்தாள். கருவேல விறகு நன்றாகப் பிடித்து, சடசடத்து எரிந்து, சாம்பலாகி ஆறியது. சாம்பலுக்கு மேல் சடையாண்டி ஒரு மயிர் கருகாமல் படுத்திருந்தான். கண்ணைத் திறந்து, "ஆத்தா, தண்ணி," என்றான். முழுசாக இல்லாத உடம்பை நெருப்பு ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. திரும்பவும் கட்டிலில் ஏற்றி வீட்டுக்கு இழுத்து வந்து, கொல்லைப்புறத்து வேப்பமரத்தடியில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். குடித்த தண்ணீர், முதுகில் பாய்ந்த குண்டு மார்பில் போட்டிருந்த ஓட்டை வழியாக வெளியே வந்தது.

செய்தி கேட்டு ஊர் நடுங்கியது உண்மைதான், ஆனால் அந்த நடுக்கம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வந்து பார்த்தார்கள். அவனால் எழுந்திருக்க முடியாது, கையைத் தூக்க முடியாது, வாய் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்ததும், வெற்றிலையைத் துப்பிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். அதற்குள் வேறொன்றும் தெரிய வந்திருந்தது. அவனிடமிருந்து பிய்த்து வந்தவையும் சாகவில்லை. அம்பலம் வீட்டு உத்தரத்தில் மஞ்சள் துணியில் முடிந்து தொங்கிய காது, அன்னியன் ஒருவன் ஊர் எல்லையை மிதித்தால் துடித்தது. தாசில்தார் வருவது தெரிந்து நெல்லைப் பதுக்க அம்பலத்துக்கு அது வசதியாகப் போயிற்று. வெயிலம்மாளின் அடுத்த வீட்டுப் பூமயில் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்த முன்பல், அவள் கை தவிர வேறு கை உள்ளே போனால் தடதடவென்று தட்டியது. அவளுடைய மாமியார் அன்றோடு அரிசி எடுப்பதை விட்டாள். கணக்குப்பிள்ளை வீட்டுச் செருப்பிரண்டும் பொழுது சாய்ந்ததும் தானாகக் கிளம்பித் தொழுவத்தைச் சுற்றிவிட்டு வந்து வாசலில் ஒழுங்காகச் சேர்ந்து நின்றன. அரைஞாண்கயிற்றைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளைக்கு வருஷம் தவறாமல் ஆண்பிள்ளை பிறக்கும் என்று அந்த வீட்டார் சொல்லிக்கொண்டார்கள். மீசை வளர்ந்துகொண்டே இருந்ததால் வெட்டி வெட்டித் தாயத்தில் அடைத்துப் பயந்த பிள்ளைகளுக்குக் கட்டினார்கள், பக்கத்து ஊர்ச் சம்பந்திகளுக்கும் கொஞ்சம் கொடுத்து அனுப்பினார்கள். சடையாண்டி முழுசாக இருந்த காலத்தில் பயந்து தூங்காத ஊர், அவனைத் துண்டாக்கி வைத்துக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்கியது.

ஆனால் காது அங்கே துடித்தால் வலி இங்கே வந்தது. செருப்பு அங்கே நடந்தால் இங்கே அவன் உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பியது. மீசையை வெட்டும்போதெல்லாம் மேலுதட்டை யாரோ அரிவது போல் அலறினான். முதல் சில நாள் அத்தனை பேரையும் வீட்டோடு வைத்துக் கொளுத்துவேன் என்று கத்திக்கொண்டிருந்தவன், பிறகு கத்துவதை விட்டு முனக ஆரம்பித்தான். பூமயில் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஆத்தா, உங்க மகனக் கொஞ்சம் மெதுவா முனகச் சொல்லுங்க. பிள்ளைய இப்பத்தான் தொட்டில்ல போட்டேன்."

"பல்லக் குடுத்துரு. முனக மாட்டான்."

"அது எங்க எருமைக்கு ஈடு. ஓட்டிக்கிட்டுப் போயி அறுத்துத் தின்னான்ல, அன்னைக்கு நாங்க முனகலையா? அப்ப உங்க காது எங்க போச்சு?"

பூமயில் சொன்னதில் பொய் இல்லை என்பது வெயிலம்மாளுக்குத் தெரியும். இந்தப் பிள்ளையை நினைத்து அவள் பெருமைப்பட்டதும் இல்லை. இவன் செத்தால் நல்லது என்று அடுப்படியில் நின்று பலதடவை சொன்னவள்தான். ஆனால் செத்தால் நல்லது என்பது வேறு, சாகவும் விடாமல் ஊரே ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது வேறு. சடையாண்டி அவள் முந்தானையைப் பல்லால் பற்றிக்கொண்டு, "ஆத்தா, என்னால தாங்க முடியல. என்னை எரிச்சு முடிச்சிரு," என்று அழுதான். கேட்டதைக் கொடுக்க வேண்டும் என்றால், போனதெல்லாம் திரும்பி வர வேண்டும். அவள் வீடுவீடாகப் போய்க் கேட்டாள். சில வீடுகளில் சிரித்தார்கள், சில வீடுகளில் தண்ணீரை முகத்தில் எறிந்தார்கள், அம்பலம் வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

நாய் கிழித்த சேலையோடு திரும்பி வந்து உட்கார்ந்திருந்தபோதுதான் வெயிலம்மாளுக்குத் தன் பழைய தொழில் ஞாபகம் வந்தது. மகன் கூட்டம் மாடு களவாடிய காலத்தில் துப்புச் சொல்லுகிறவள் அவள்தான். மாட்டைப் பறிகொடுத்தவன் பொழுது சாய அவள் வாசலுக்கு வந்து, திருட்டு என்ற வார்த்தையைச் சொல்லாமல், "மாடு வழி தப்பிப் போச்சு ஆத்தா, யார் கண்ணுலயாச்சும் பட்டா சொல்லுங்க," என்று தாம்பாளத்தில் வெற்றிலையும் அதற்கு அடியில் கூலியும் வைப்பான். அவள் ஒன்றும் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, "விசாரிக்கச் சொல்றேன், போயிட்டு வா," என்று எடுத்து வைத்துக்கொள்வாள். மூன்றாம் நாள் விடியும்போது மாடு கண்மாய்க்கரைப் புளியமரத்தில் கட்டிக் கிடக்கும். அந்தக் கூலிக்குத் துப்புக்கூலி என்று பெயர். போலீஸ், கோர்ட்டு என்று எதற்கும் கட்டுப்படாத சீமை அந்த ஒன்றுக்குக் கட்டுப்பட்டது. துப்புக்கூலி வாங்கிவிட்டுப் பொருளைத் திருப்பாத வீட்டோடு எந்த ஊரும் பெண் கொடுத்து எடுக்காது, அடுப்புக்கு நெருப்புத் தராது.

வெயிலம்மாள் தன் வீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்து முற்றத்தில் வைத்தாள். கணக்குப்பிள்ளைக்கு ஆடுகள், பூமயிலுக்கு வெண்கலப் பானை, மீசையை வைத்திருந்தவர்களுக்குக் கோழியும் ஆட்டுரலும், அரைஞாண் வீட்டுக்கு வாசல் கதவு. அம்பலத்துக்குக் கொடுக்கத் தக்கதாக ஒன்றும் இல்லாததால், காதில் தொங்கிய தண்டட்டியைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்து வெற்றிலையால் மூடினாள்.

அம்பலம் அவளைத் தாம்பாளத்தோடு வாசலில் நெடுநேரம் நிற்க வைத்தார். அவருடைய செவலைக் காளைகள் காணாமல் போனபோது இதே மாதிரி அவள் வாசலில் அவர் நின்றிருக்கிறார். அந்தச் சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை. தெருவே வேடிக்கை பார்க்கக் கூடியது.

"என்ன ஆத்தா, இந்தப் பக்கம்?"

"எம் பிள்ளையோட காது ஒண்ணு வழி தப்பிப் போச்சு அம்பலம். யார் கண்ணுலயாச்சும் பட்டா சொல்லுங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்பலம் சிரிக்காமல், ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, அவள் எப்படி இழுத்துச் சொல்லுவாளோ அப்படியே இழுத்து, "விசாரிக்கச் சொல்றேன், போயிட்டு வா," என்று சொல்லித் தாம்பாளத்தை எடுத்து உள்ளே கொடுத்தார். இப்படியொரு கூத்தை யார்தான் விடுவார்கள். அடுத்தடுத்த வீடுகளிலும் அவளை நிற்க வைத்து, அதே வார்த்தையைச் சொல்ல வைத்து, அவளைப் போலவே பேசிக் காட்டி, கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பூமயில் வெண்கலப் பானையைத் தட்டிப் பார்த்து, விரிசல் இருக்கிறதா என்று வேறு கேட்டாள்.

மறுநாள் சந்தை. வெயிலம்மாள் சுற்றுப்பட்டு ஊர்ச் சனம் எல்லாம் கூடி நின்ற திடலில், மகனைக் கட்டி வைத்திருந்த அதே இடத்தில் ஏறி நின்று, மூளியான காதும் அவிழ்ந்த கூந்தலுமாக, ஒவ்வொரு வீட்டின் பெயரையும் அது வாங்கிய பொருளையும் சொன்னாள். "எந் துப்புக்கூலிய கள்ளிவலசை கைநீட்டி வாங்கிருச்சு. கேட்டுக்கங்க. இனி பொருளக் குடுக்கிறது அவுக பொறுப்பு," என்றாள். அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. துப்புக்கூலி வாங்குகிறவன் களவாடிய பொருளை வைத்திருக்கிறவன். விளையாட்டுக்கு வாங்கினேன் என்று எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் சொல்ல முடியாது. சடையாண்டியைக் காட்டிக்கொடுத்து நல்ல பெயர் வாங்கிய ஊர், ஒரே பொழுதில் திருட்டு ஊராகிவிட்டது. நிச்சயமான கல்யாணம் ஒன்று சந்தையிலேயே முறிந்தது. அம்பலத்தின் மாப்பிள்ளை வீட்டார் மகளை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் விடியும்போது கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் எல்லாம் இருந்தது. காது, பல், செருப்பு, அரைஞாண், தாயத்துகளைப் பிரித்து ஒன்றாகச் சுருட்டிய மீசை. கொண்டுவந்து வைத்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள். விரல் மட்டும் வரவில்லை. அது மொக்கையனிடம் இருந்தது, மொக்கையன் ஒருவன்தான் துப்புக்கூலி வாங்காதவன். களவுத் தொழிலில் கிடந்தவனுக்கு அதன் சட்டம் தெரியும்.

மொக்கையன் ஊருக்கு வெளியே தனியாக இருந்தான். சர்க்கார் கொடுத்த பரிசு நிலம் அது, ஆனால் அவனோடு பந்தியில் உட்கார ஊரில் ஒருவனும் இல்லை. அவனும் சுட்ட நாளிலிருந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, ஒரு கையில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தின்றான். சடையாண்டியின் சுட்டுவிரலை அவன் பெட்டிக்குள் வைத்தாலும் மண்ணுக்குள் புதைத்தாலும் அது திரும்பி அவனையே சுட்டிக்கொண்டிருந்தது. வெயிலம்மாள் போய் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"குடுத்துரு மொக்கையா. நீ எங் கையால எத்தனை சோறு தின்னிருப்ப."

"குடுத்தா முழுசாயிருவான். முழுசானா எந்திரிச்சிருவான். எந்திரிச்சா மொத எங்க வருவான்னு எனக்குத் தெரியும் ஆத்தா."

"எந்திரிக்க விடமாட்டேன். எரிச்சிருவேன்."

"பெத்தவ அப்படித்தான் சொல்லுவ. கண்ணு முன்னால எந்திரிச்சு நின்னா விட்டுருவ."

வெயிலம்மாள் முந்தானையிலிருந்து சூடத்தை எடுத்துத் தரையில் வைத்துக் கொளுத்தினாள். கொழுந்துவிட்டு எரிந்ததை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் வம்சம் அழியும் என்பார்கள்; அழிவதற்கு அவளுக்கு வம்சம் என்று இருந்தது அந்தக் கட்டிலில் கிடந்தவன் ஒருவன்தான். மொக்கையன் அவள் வெந்த கையைப் பார்த்தான். பிறகு விரலைக் கொண்டுவந்து அந்தக் கையிலேயே வைத்தான்.

விடிந்ததும் அவள் மறுபடி கட்டிலை இழுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனாள். அன்றைக்கு ஊரே வந்தது. தூக்குவதற்கு வரவில்லை. ஆண்கள் அரிவாளோடும், மொக்கையன் துப்பாக்கியோடும் தள்ளி நின்றார்கள். பெண்கள் ஆளுக்கொரு சிரட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்கள், காது போனால் என்ன, சாம்பலாவது கிடைக்காதா என்று. வெயிலம்மாள் அவர்களைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு விறகை அடுக்கி, அதன்மேல் அவனைப் படுக்க வைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். காது ஒட்டிக்கொண்டது, பல் ஈறில் இறங்கியது, மீசை இருந்த இடத்தில் போய் இருந்துகொண்டது. அரைஞாணைக் கட்டி, செருப்பை மாட்டி, கடைசியாக விரலை வைத்ததும் மார்பிலிருந்த ஓட்டை மூடிக்கொண்டது. சடையாண்டி விறகின்மேல் எழுந்து உட்கார்ந்தான்.

கைகளை விரித்துப் பார்த்துச் சிரித்தான். கன்னத்தில் குழி விழுகிற அந்தச் சிரிப்பை அவன் காட்டுக்குள் போனதிலிருந்து அவள் பார்த்ததில்லை.

"ஆத்தா, வலி போயிருச்சு."

"போயிருச்சா அப்பு?"

"கொஞ்சங்கூட இல்ல. பசிக்குது." அவன் திரும்பித் தூரத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான், ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "எல்லாரும் இங்கதான் இருக்காங்க. நல்லதாப் போச்சு. மொத அந்த மொக்கையன், அப்புறம் அம்பலம் வீடு. பொண்டு பிள்ளைன்னு பாக்க மாட்டேன் ஆத்தா, நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

அரிவாளோடு நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். பூமயில் பிள்ளையை மார்போடு அமுக்கிக்கொண்டாள். அந்தப் பயத்தைப் பார்க்க வெயிலம்மாளுக்கு இனித்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அவிழ்த்துவிட்ட நாயும், மூஞ்சியில் எறிந்த தண்ணீரும், அவளைப் போலவே இழுத்துப் பேசிய அத்தனை வாயும் அவள் கண் முன்னால் நின்றன. ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய்ட்டு வா அப்பு என்று. சத்தியமாவது மண்ணாவது, அதுவும் முதுகில் சுட்டவனுக்குச் செய்த சத்தியம். அவன் போவான், நாலு பேரை வெட்டுவான், ஐந்தாவது ஆள் அவனை வெட்டுவான், அப்புறம் ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு போவார்கள், இந்த முறை கூலிக்குக் கொடுக்க அவளிடம் சட்டிகூட இல்லை.

"படு அப்பு," என்றாள். "எல்லாம் சரியாப் பொருந்தியிருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கிறேன். அப்புறம் போகலாம்."

ஊரையே நடுங்க வைத்தவன், தாய் சொன்னதும் கையைக் காலை நீட்டி மல்லாந்து படுத்தான். அவள் காதைத் தொட்டுப் பார்த்தாள், விரலை நீவிப் பார்த்தாள், கால்மாட்டுக்குப் போய்க் கொள்ளியை வைத்தாள். விறகு பச்சையாக இருந்தும் நெருப்பு இந்த முறை ஒரே மூச்சில் பிடித்தது. அவன் எழப் பார்த்தான். அவள் அவனுடைய இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்து அமுக்கினாள். அவளைத் திட்டினான், அவள் வயிற்றைத் திட்டினான், அதில் கிடந்த நாளைத் திட்டினான். ஊரில் ஒருவரைக்கூட அவன் அவ்வளவு திட்டியதில்லை, இத்தனைக்கும் அவன் உடம்பிலிருந்து ஒரு துணுக்கையும் எடுக்காதவள் அவள் ஒருத்திதான். சிரட்டையோடு நின்ற பெண்களில் ஒருத்தியும் கிட்டே வரவில்லை. திட்டி முடித்து, குரல் சின்னதாகி, "ஆத்தா, சுடுது," என்றான்.

"கொஞ்ச நேரந்தான் அப்பு," என்றாள் வெயிலம்மாள், பிடித்த கையை எடுக்காமல்.